மருந்துக்கூர்க்கனும் அழுத்தம் ஏறிய எலியும்

மருந்துக்கூர்க்கன் துளசிக் குடும்பத்துச் செடி. சளிக்கும் இருமலுக்கும் வீட்டு முற்றத்தில் வளர்க்கப்படும் கற்பூரவல்லி இதற்கு நெருங்கிய உறவு. முழங்கால் உயரம் வளரும். இலை தடித்து மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். பூ ஊதா நிறத்தில் கதிராக நிற்கும். மருந்து இருப்பது மண்ணுக்கடியில். செடியைப் பிடுங்கினால் விரல் பருமனில் பழுப்பு நிறக் கிழங்குகள் கொத்தாக வரும். ஒன்றை ஒடித்து மோந்தால் இஞ்சியை நினைவூட்டும் கார வாசம் மூக்கில் ஏறும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மருந்துக் கம்பெனிகளின் ஒப்பந்தத்தின் பேரில் இது பயிராகிறது. தண்டுத் துண்டை நட்டு, ஐந்தாறு மாதத்தில் கிழங்கைத் தோண்டி, வில்லையாக நறுக்கி, வெயிலில் காயவைத்து மூட்டையாக ஏற்றுகிறார்கள். குஜராத்தில் இதே கிழங்குக்குக் கர்மர் என்று பெயர். அங்கே அது ஊறுகாய்.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான தேவனூர் நாட்டைப் போல, மூலிகையும் வைத்தியமும் பழகிய மலைநாடுகளில் எந்தக் கிழங்கைப் பற்றிப் பேசினாலும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: இது பிரஷருக்குக் கேட்குமா? மருந்துக்கூர்க்கன் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முதல் பதில்களில் ஒன்றை எலிகள் தந்தன. அந்தப் பதில் எப்படிப் பெறப்பட்டது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பவை இங்கே வரிசையாகப் பார்க்கப்படுகின்றன.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 1951இல் திறக்கப்பட்டது. இந்தியச் செடிகளை நூற்றுக்கணக்கில் திரட்டி, சாராயச் சாறு எடுத்து, ஒவ்வொன்றையும் பலவகைச் சோதனைகளுக்கு உட்படுத்தும் பெரிய திட்டம் அங்கே நடந்தது. அந்தச் சல்லடையில் ரத்த அழுத்தத்தை இறக்கும் செடியாக மருந்துக்கூர்க்கன் சிக்கியது. கிழங்கிலிருந்து பிரித்த பொருளுக்கு லக்னோ அறிஞர்கள் கோலியோனால் என்று பெயரிட்டனர். அதே காலத்தில் பம்பாய் முலுண்டில் இயங்கிய ஹெக்ஸ்ட் கம்பெனியின் ஆராய்ச்சி மையமும் இதே கிழங்கில் இறங்கியிருந்தது. அவர்கள் பிரித்த பொருளுக்கு ஃபோர்ஸ்கோலின் என்று பெயர் வைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டில் செடி சேகரிக்கப் போய் 1763இல் அங்கேயே இறந்த பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளரின் பெயர் அது. இரு தரப்பும் 1977இல் தத்தம் பொருளின் வேதியமைப்பை வெளியிட்டன. இரண்டும் ஒரே பொருள் என்பது பின்னால் உறுதியானது. இன்று உலகம் முழுவதும் ஃபோர்ஸ்கோலின் என்ற பெயரே வழங்குகிறது. லக்னோவின் பங்கு அந்தப் பெயருக்குள் மறைந்துபோனது வருத்தத்துக்குரியது.

1981இல் லக்னோ மருந்தியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதைக்கு மையமானது. மயக்கத்தில் கிடத்திய பூனைகளிலும் எலிகளிலும் கோலியோனால் ரத்த அழுத்தத்தை இறக்கியது. பிறவியிலேயே மிகை அழுத்தம் கொண்ட எலி வகையிலும் இறக்கியது. ரத்தக் குழாய்ச் சுவரின் மழமழப்பான தசையை அது தளர்த்துவதே காரணம் என்றும் அந்த ஆய்வு காட்டியது. சிறிய அளவில் கொடுத்தபோது முயலின் தனித்தெடுத்த இதயம் வலுவாகச் சுருங்கியது. பெரிய அளவில் மூளையின் செயல் மந்தமானது. இந்த முடிவுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சோதனைமுறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாதவரை ‘எலியில் நிரூபிக்கப்பட்டது’ என்ற விளம்பர வரிக்குப் பொருள் கிடையாது.

அழுத்தத்தை அளக்கும் கலை விலங்குகளிடமே பிறந்தது. ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் தொடைத் தமனியில் நெடிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் குழாயில் எட்டடி மூன்று அங்குல உயரம் ஏறி, இதயத் துடிப்புக்கேற்ப மேலும் கீழும் அசைந்தது. அவர் இதை 1733இல் நூலாக வெளியிட்டார். ஒன்பதடிக் குழாயை வைத்துக்கொண்டு யாரும் மருந்து சோதிக்க முடியாது. பாதரசம் ரத்தத்தைவிடப் பன்மடங்கு கனமானது என்பதால் 1828இல் பிரெஞ்சுக்காரர் பொய்சேய் குழாயில் பாதரசத்தை நிரப்பி உயரத்தைச் சுருக்கினார். இன்றும் பிரஷரைப் பாதரச மில்லிமீட்டரில் சொல்வது அதனால்தான். 1847இல் ஜெர்மானியர் கார்ல் லுட்விக் அந்தப் பாதரசத்தின் மேல் ஒரு மிதவையும் எழுதுகோலும் வைத்து, சுழலும் உருளையில் சுற்றிய தாளில் அலையை வரையச் செய்தார். கைமோகிராஃப் எனப்படும் அந்த உருளை நம் மருத்துவக் கல்லூரிகளின் மருந்தியல் கூடங்களில் நெடுங்காலம் சுழன்றது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கறுப்பேற்றிய தாளில் வெள்ளைக் கோடாக அழுத்தம் ஓடும். மருந்து உள்ளே போன கணத்தில் கோடு சரியும். மாணவர் அந்தத் தாளை அரக்குக் கரைசலில் தோய்த்து, காயவைத்து, பதிவேட்டில் ஒட்டிக்கொள்வார். இப்போது அந்த வேலையைக் கணினித் திரை செய்கிறது.

எந்த எலி என்பது முதல் கேள்வி. ஆரோக்கியமான எலியில் அழுத்தத்தை இறக்கிக் காட்டுவது பெரிய காரியமல்ல. அந்த எலிக்கு நோயில்லை. நோயுள்ள எலி வேண்டுமென்றால் ஒன்று நோயை உண்டாக்க வேண்டும், அல்லது நோயோடு பிறக்கும் எலியை வளர்த்தெடுக்க வேண்டும். முதல் வழியை 1934இல் அமெரிக்கர் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களில் காட்டினார். சிறுநீரகத் தமனியை வெள்ளி இடுக்கியால் நெரித்தபோது நாயின் ரத்த அழுத்தம் ஏறியது. ரத்தம் குறைந்துபோன சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரந்து உடல் முழுவதும் குழாய்களை இறுக்குகிறது. சில ஆண்டுகளில் இந்த முறை எலிக்கு வந்தது. இன்றும் எலியின் ஒரு பக்கச் சிறுநீரகத் தமனியில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியுள்ள வெள்ளி வளையத்தை மாட்டி, சில வாரம் காத்திருந்து, அழுத்தம் ஏறியதும் மருந்து கொடுக்கிறார்கள்.

இன்னொரு முறையில் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, குடிநீரில் ஒரு விழுக்காடு உப்பைக் கரைத்துக் கொடுத்து, உப்பை உடலில் தேக்கும் ஹார்மோன் ஊசியையும் போடுகிறார்கள். மூன்றாவதில் எல்-நேம் என்ற பொருளைக் குடிநீரில் கலக்கிறார்கள். ரத்தக் குழாயின் உட்சுவர் தன்னைத் தளர்த்திக்கொள்ள உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது தடுத்துவிடும். சில வாரத்தில் அழுத்தம் ஏறும். அறுவை தேவையில்லை, செலவும் குறைவு. அதனால் நம் பார்மசி கல்லூரிகளில் இந்த முறைக்கு நல்ல வரவேற்பு உண்டு. பத்து விழுக்காடு ஃப்ரக்டோஸ் சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்கவைக்கும் முறையும் உண்டு. அதில் ஏற்றம் மிதமாகவே இருக்கும். அமெரிக்காவில் லூயிஸ் டால் 1960களின் தொடக்கத்தில் உப்புக்கு அழுத்தம் ஏறும் எலிக் கால்வழியையும் ஏறாத கால்வழியையும் தனித்தனியே பிரித்தெடுத்தார். ஒரே அளவு உப்பு ஒருவரைப் பாதிப்பதும் மற்றவரை விட்டுவிடுவதும் ஏன் என்ற புதிருக்கு அது நல்ல துப்பு.

இவற்றுள் பேர்பெற்றது ஜப்பானில் பிறந்த எலி. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒகமோட்டோவும் ஆவோகியும், இயல்பிலேயே அழுத்தம் சற்றுக் கூடியிருந்த ஒரு விஸ்டார் ஆண் எலியை, அதேபோல் அழுத்தம் கூடிய பெண் எலியோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளில் அழுத்தம் மிகுந்தவற்றை மட்டும் பொறுக்கி, உடன்பிறந்தவற்றுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் கூட்டினார்கள். தலைமுறைக்குத் தலைமுறை அழுத்தம் ஏறி, பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் வளர்ந்ததும் நோயாளி ஆகும் கால்வழி உருவானது. 1963இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். இயல்பான எலியின் மேல் அழுத்தம் 120ஐ ஒட்டியிருக்கும். இந்த எலிக்கு மூன்று மாத வயதிலேயே 180, 200 என்று நிற்கும். யாரும் இடுக்கி மாட்டவில்லை, உப்புக் கொடுக்கவில்லை. மனிதர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று சுட்ட முடியாமல் வயதோடு வரும் பிரஷருக்கு இதுவே நெருங்கிய உருவம் என்று கொள்ளப்பட்டது. லக்னோ ஆய்வில் கோலியோனாலின் முன் நின்றதும் இந்த எலிதான்.

ஆனாலும் இது மனிதன் அல்ல. இந்த எலிகள் எல்லாமே ஒரே கால்வழி. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து எல்லாவற்றுக்கும் கேட்கும். மலையில் ஒரு தெருவில் பிரஷர் உள்ள பத்துப் பேரை நிறுத்தினால் பத்துப் பேருக்கும் பத்துக் காரணம் இருக்கலாம். அதனால்தான் நல்ல ஆய்வுக்குழு ஒரே வகை எலியோடு நின்றுவிடுவதில்லை. இடுக்கி மாட்டிய எலியில் அழுத்தம் இறங்கி, உப்பு ஹார்மோன் எலியில் இறங்கவில்லை என்றால் மருந்து ரெனின் வழியில் வேலை செய்கிறது என்று ஊகிக்கலாம். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சிலிருந்து கிடைத்த துப்பைப் பிடித்து 1970களில் உருவான கேப்டோப்ரில் மருந்தின் கதையில் இந்த வகை ஒப்பீடு பெரிதும் உதவியது. எலி வகை மாறும்போது மருந்தின் வேலைமுறை வெளிச்சத்துக்கு வருகிறது.

அளக்கும் இடம் எலியின் வால். மனிதக் கையில் பட்டை கட்டுவதுபோல எலியின் வாலடியில் சிறு ரப்பர் பட்டை கட்டுகிறார்கள். எலியை அதன் உடம்புக்கு அளவான கண்ணாடி போன்ற குழலுக்குள் நுழையவிட்டால் வால் மட்டும் வெளியே நீண்டிருக்கும். வாலுக்கு ஒரு குணம் உண்டு: உடலின் சூட்டை வெளியேற்றுவது அதன் வேலை, குளிர்ந்தால் தமனி சுருங்கிவிடும், துடிப்பே கிடைக்காது. ஆகவே முதலில் எலியை முப்பத்தைந்து டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் சில நிமிடம் வைத்திருக்க வேண்டும். வால் வெதுவெதுப்பாகி இளஞ்சிவப்பாக மாறும். பிறகு பட்டையில் காற்றை ஏற்றுவார்கள். பட்டைக்குக் கீழே ஒட்டிய உணரியில் துடிப்பலை படுத்துவிடும், திரையில் நேர்கோடு. காற்றை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முதல் சிறு அலை தலை தூக்கும். அந்தக் கணத்தில் பட்டையில் இருந்த அழுத்தமே எலியின் மேல் அழுத்தம். எலியின் இதயம் நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு முறை துடிப்பதால் அலைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஓடும். பழகாத கண்ணுக்கு அந்த முதல் அலை தப்பிவிடும்.

இந்த அளவைக் கெடுக்கும் முதல் எதிரி பயம். குழலில் அடைபட்ட எலிக்கு அழுத்தம் தானே ஏறும். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சிலருக்கு ஏறுவதைப் போன்றதுதான் இதுவும். அதனால் ஆய்வு தொடங்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே எலிகளைக் குழலுக்குப் பழக்குகிறார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே அறை, முடிந்தால் ஒரே கை. எலி இரவில் திரிந்து பகலில் உறங்கும் பிராணி. காலையில் எடுத்த அளவையும் இரவில் எடுத்த அளவையும் ஒப்பிட்டால் மருந்தின் பலனுக்குப் பதிலாகத் தூக்கத்தின் பலனையே எழுதிக்கொண்டிருப்போம். ஒரு தடவைக்கு ஐந்தாறு அளவு எடுத்து, துள்ளியதால் கெட்ட அளவைத் தள்ளி, மீதிக்குச் சராசரி காண்பது வழக்கம். ஆனால் எதைத் தள்ளுவது என்பது அளப்பவரின் கையில் இருக்கிறது. எந்தக் கூண்டுக்கு மருந்து போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அவரை அறியாமலே மனம் சாயும். ஆகையால் கூண்டுகளுக்கு எண் மட்டும் ஒட்டி, மருந்து கொடுப்பவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர் என்று பிரிப்பது நல்ல வழக்கம். இது பணச்செலவில்லாத ஏற்பாடு. பல ஆய்வுக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை என்பது மன்னிக்க முடியாத குறை.

வால் முறைக்கு மாற்றாக நேரடி முறை உண்டு. எலியை யூரித்தேன் கொடுத்து மயக்கத்தில் கிடத்தி, கழுத்தைத் திறந்து, தமனியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி அழுத்தக் கருவியோடு இணைக்கிறார்கள். ரத்தம் உறையாதிருக்கக் குழாயில் ஹெப்பாரின் கலந்த உப்புநீர் இருக்கும். மறுபக்கச் சிரை வழியே மருந்தைச் செலுத்தினால் நொடிகளில் விடை தெரியும். அந்த எலி அதன் பிறகு கண் விழிப்பதில்லை. துல்லியம் இந்த முறையில் அதிகம். ஆனால் மயக்க மருந்தே அழுத்தத்தை மாற்றிவிடும். வயிற்றுத் தமனியில் சிறு ரேடியோ கருவியைப் பதித்து, கூண்டில் தன் போக்கில் திரியும் எலியின் அழுத்தத்தை இரவும் பகலும் வாங்கும் முறைதான் இன்று மிக உயர்ந்தது. விலை காரணமாக அது எல்லாக் கூடங்களுக்கும் எட்டுவதில்லை.

பச்சிலைச் சாறுகளைச் சோதிக்கையில் நேரடி முறையில் ஒரு பொறி இருக்கிறது. மயங்கிய எலியின் சிரையில் ஏறக்குறைய எந்தச் செடியின் சாற்றைச் செலுத்தினாலும் அழுத்தம் சற்றே சரியும். செடிகளில் பொட்டாசியம் உப்பு நிறைய உண்டு. கோலின் வகைப் பொருள்கள் பலவற்றில் உண்டு. சிரை வழியே திடீரென்று போனால் இவை எல்லாமே அழுத்தத்தை இறக்கும். வாய் வழியே போனால் அந்தப் பலன் இருக்காது. இதற்கு மருந்தியலாளர் கையில் எளிய தேர்வு உண்டு. கோலின் வகைப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் அட்ரோபினை முதலில் கொடுத்துவிட்டு அதே சாற்றைச் செலுத்துவார். இப்போது அழுத்தம் சரியவில்லை என்றால் முன்பு சரித்தது அசிட்டைல்கோலின் வகைப் பொருள் என்று தெரியும். சாற்றைச் சுட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பல் கரைசலும் அழுத்தத்தை இறக்கினால் வேலை செய்தது உப்பு. இந்தத் தேர்வுகளைத் தாண்டியதே மேற்கொண்டு போகத் தகுதியானது. கோலியோனால் தூய்மைப்படுத்திய தனிப்பொருள் என்பதால் அதற்கு இந்தச் சந்தேகம் இல்லை.

அடுத்தது குழு பிரிப்பு. வழக்கமாகக் குழுவுக்கு ஆறு எலிகள். ஒரு குழு நோயில்லாதது. ஒரு குழு நோயுள்ளது, வெறும் கரைசல் மட்டும் பெறுவது. ஒரு குழு கேப்டோப்ரில் அல்லது லோசார்டன் போன்ற ஏற்கெனவே நிலைபெற்ற மருந்தைப் பெறுவது. மீதிக் குழுக்கள் புதிய மருந்தைக் குறைந்த அளவிலும் கூடிய அளவிலும் பெறுவன. வளைந்த ஊசிக் குழாயால் நேரே வயிற்றுக்குள் கொடுப்பார்கள். மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து கொடுத்து வாரம் ஒருமுறை வாலில் அளப்பார்கள். வெறும் கரைசல் குழு இல்லாத ஆய்வைப் படிக்காமலே மூடிவிடலாம். எலிகள் குழலுக்குப் பழகப் பழக அழுத்தம் தானே குறையும். ஒப்பிட ஆள் இல்லையென்றால் அந்தக் குறைவும் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். அளவைக் கூட்டக் கூட்டப் பலனும் கூடுகிறதா என்று பார்ப்பதும் அதே அளவுக்கு முக்கியம். கடைசி நாளில் இதயத்தை எடுத்து எடை போடுவதும் உண்டு. நெடுநாள் மிகை அழுத்தத்தால் இதயத்தின் இடது சுவர் தடித்திருக்கும். மருந்து பெற்ற குழுவில் அந்தத் தடிப்பும் குறைந்திருந்தால் வாலில் கண்ட அளவுக்கு நல்ல சாட்சி கிடைத்தது என்று பொருள்.

எலிக்குக் கொடுத்த அளவை மனிதனுக்கு மாற்றும் கணக்கில்தான் பொதுமக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எலி தன் எடைக்கு மனிதனைவிட வேகமாக மருந்தை எரித்துவிடும். ஆகவே ஒரு கிலோ எடைக்கு எலி பெற்ற அளவைச் சுமார் ஆறால் வகுத்தால் மனிதனுக்குரிய தோராய அளவு கிடைக்கும் என்பது பின்பற்றப்படும் வழி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டுரையில் எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். மனிதனுக்கு அது கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.9 கிராம் சாறு. காய்ந்த கிழங்கில் பத்தில் ஒரு பங்கு சாறு தேறும் என்றால் தினமும் 39 கிராம் காய்ந்த கிழங்கு தேவை. பச்சைக் கிழங்காக அது இன்னும் சில மடங்கு. ஒரு சிட்டிகைப் பொடியை வெந்நீரில் போட்டுக் குடிப்பவர் அந்தக் கட்டுரையைத் தனக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது. இதில் இன்னொரு சிக்கல்: நல்ல மருந்துக்கூர்க்கன் கிழங்கிலேயே காய்ந்த எடையில் ஃபோர்ஸ்கோலின் அரை விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும், பல செடிகளில் அதற்கும் வெகு குறைவு. மண், ரகம், தோண்டிய மாதம் எல்லாம் அதை மாற்றும்.

எலியில் வென்ற ஃபோர்ஸ்கோலினுக்கு அதன் பிறகு என்ன ஆயிற்று? 1981இல் அமெரிக்காவில் சீமன், டாலி ஆகியோர் அது உடலில் எதைத் தொடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். செல்லின் சவ்வில் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதி இருக்கிறது. ஹார்மோன்கள் வெளியே வந்து கதவைத் தட்டும்போது இந்த நொதி உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப் பொருளை உண்டாக்கும். ஃபோர்ஸ்கோலின் கதவைத் தட்டுவதில்லை. நேரே நொதியையே முடுக்கிவிடுகிறது. தூதுப் பொருள் பெருகும்போது குழாய்த் தசை தளர்கிறது, இதயத் தசை வலுவாகச் சுருங்குகிறது. லக்னோ எலிகளிலும் முயல் இதயத்திலும் கண்ட இரண்டு பலன்களுக்கும் ஒரே காரணம் இதுதான். இந்தக் கண்டுபிடிப்பால் கிழங்கின் பொருள் உலகெங்கும் உயிரியல் கூடங்களில் அன்றாடக் கருவி ஆனது. செல்லுக்குள் அந்தத் தூதுப் பொருளைக் கூட்ட நினைக்கும் ஆய்வாளர் இன்றும் முதலில் எடுப்பது ஃபோர்ஸ்கோலின் புட்டியைத்தான்.

ஆனால் பிரஷர் மாத்திரையாக அது வரவில்லை. நீரில் அது எளிதில் கரையாது. வாய் வழியே கொடுத்துப் போதிய பலன் பெறுவது கடினம். அது முடுக்கும் நொதி உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் இருப்பதால் குழாயை மட்டும் தொட்டுவிட்டு இதயத்தை விட்டுவிடு என்று அதற்குச் சொல்ல முடியாது. துடிப்பு விரைவாகிறது, முகம் சிவக்கிறது. பிரஷர் மாத்திரை என்பது வாழ்நாள் முழுவதும் தினம் ஒன்று போடவேண்டியது. அதற்கு அமைதியான மருந்து வேண்டும். ஜப்பானில் ஃபோர்ஸ்கோலினைத் திருத்தி நீரில் கரையும் வடிவமாக்கினார்கள். கோல்ஃபோர்சின் டாரோபேட் என்ற அந்த மருந்து 1999இல் அங்கே அனுமதி பெற்றது, ஆனால் வேறொரு வேலைக்கு: திடீரென்று தளர்ந்துபோகும் இதயத்துக்கு ஆஸ்பத்திரியில் சிரை வழியே கொடுப்பதற்கு. உடல் எடையைக் குறைக்கும் என்று டப்பியில் விற்கப்படும் கூர்க்கன் சாறு வேறு வணிகம். அந்த உரிமைகோரலுக்கான சான்று மெலிந்தது.

பிரஷர் மருந்து தந்த இன்னொரு மூலிகையான சர்ப்பகந்தாவின் பாதை வேறு. அதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைக் கல்கத்தாவில் சென்னும் போஸும் 1931இல் எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லியில் சித்திக்கி சகோதரர்கள் அதிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தார்கள். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பலனை 1949இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே மேலை உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ரெசர்பைனைப் பிரித்தது. சில ஆண்டுகளில் அது உலகின் முன்னணிப் பிரஷர் மருந்துகளில் ஒன்றானது. பிறகு சிலருக்கு அது மனச்சோர்வை உண்டாக்குவதாக அறிக்கைகள் வந்து, மெல்லப் பின்னுக்குப் போனது. மனச்சோர்வை எலியின் வாலில் அளக்க முடியாது. வாழ்நாள் மருந்தின் முழுக் கணக்கும் மனிதர்களிடம், பல ஆண்டுகளில்தான் தீர்கிறது.

எலிகளுக்கும் சட்டம் உண்டு. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும், அதன் கீழ் 1998இல் வந்த விதிகளும், ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு ஆய்வு நெறிக்குழு இருந்தாக வேண்டும் என்கின்றன. எத்தனை எலி, ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பீர்கள் என்று எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே கூண்டைத் திறக்கலாம். எலியைத் தவிர்க்க முடிந்தால் தவிர், எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்று 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த வழியே இதற்கு அடிப்படை. மோசமாகத் திட்டமிட்ட ஆய்வில் முப்பது எலிகள் செத்தால் அவை வீணாகச் செத்தவை. கூண்டுக்கு எண் ஒட்டுவதும் ஒப்பீட்டுக் குழு வைப்பதும் இந்த அறத்தின் பகுதியே.

செடியைக் காட்டியவர்களுக்கும் சட்டம் வந்திருக்கிறது. ஒரு மலையின் மூலிகையை அங்குள்ளவர்களின் அறிவைக் கொண்டு மருந்தாக்கி விற்றால் ஆதாயத்தில் பங்கு கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் கருத்து. அதற்கு முன்பே, கேரளத்து அகத்தியர் மலையில் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானபோது அம்மக்களுக்குப் பங்கு தரப்பட்டது. ஆனால் பங்கு கேட்கப் பதிவு வேண்டும். எந்தச் செடி, எந்தப் பாகம், எந்த மாதம் எடுப்பது, எதோடு சேர்ப்பது, எவ்வளவு கொடுப்பது என்று தேவனூர் நாட்டின் முதிய வைத்தியர்கள் அறிந்ததைப் பேரப்பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி, ஊராட்சியின் உயிரியல் பன்மயப் பதிவேட்டில் ஏற்றிவைக்க வேண்டும். நல்ல எலிச் சோதனைக்கும் முதலில் தேவைப்படுவது அந்த ஐந்து விவரங்கள்தான்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த மாத்திரைகள் எலியைத் தாண்டி, ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் பல ஆண்டு சோதிக்கப்பட்டவை. மருந்துக்கூர்க்கன் கிழங்கு அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். கிழங்கு சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடமும் செவிலியரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; யாரும் கிழங்கை நம்பி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.